பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்!

போன செமஸ்டர் புராஜெக்ட் ரிவ்யூ. பேனல் உட்கார்ந்தாச்சு, புரொஜெக்டர் கனெக்ட் பண்ணியாச்சு. என்னோட 11.6 இன்ச் லேப்டாப்பில் சார்ஜ் 34 சதவீதம் காட்டுது. பத்து நிமிஷ வேலைதானே, தாங்கும்னு நினைச்சு சிமுலேஷனை ரன் பண்ணேன். அவ்ளோதான், திரை கருப்பாகிடுச்சு. 34-ல் இருந்து நேரா பூஜ்யம்! பிளக் பாயின்ட் ஹாலோட அந்தக் கோடியில். பேனலில் இருந்த சார் கேட்ட ஒரே கேள்வி: "நீ எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்தானேப்பா?"

அன்னிக்குச் சாயங்காலமே புது பேட்டரி வாங்கக் கிளம்பினேன். ரூம்மேட் கையைப் பிடிச்சு நிறுத்தினான். "மச்சான், முதல்ல என்ன பிரச்சினைன்னு பாரு. நான் 2,500 ரூபாய் போட்டு பேட்டரி மாத்தினேன், கடைசியில பார்த்தா போனது சார்ஜர்."

அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரை. "பேட்டரி நிக்கல" என்பது நோயின் பெயர் இல்லை, வெறும் அறிகுறி. அதே அறிகுறி சார்ஜரால் வரலாம், ஒரு செட்டிங்கால் வரலாம், பின்னணியில் ஓடும் புரோகிராமால் வரலாம், சதவீதம் காட்டும் சிப் தப்பாகக் கணக்குப் போடுவதால் வரலாம், நிஜமாகவே செல் தேய்ந்ததாலும் வரலாம். இதில் கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான் புது பேட்டரி மருந்து. எது என்று கண்டுபிடிக்க முதல் பத்து நிமிஷமே பெரும்பாலும் போதும். வாங்க, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் வெளியே பாருங்கள்

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன், லேப்டாப்பை அணைத்து ஒரு சமமான மேஜையில் வையுங்கள். ஆடுதா? டச்பேட் மேலே தூக்கின மாதிரி இருக்கா, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகிப் போயிருக்கா? கீபோர்டின் நடுவில் மேடு தெரியுதா? அடிமூடியின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கா? இதில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியென்றால் இதற்கு மேல் டெஸ்ட் எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீங்க. ஆன் செய்யாதீங்க. மூடியை அழுத்தி ஸ்க்ரூ முடுக்காதீங்க. உள்ளே இருப்பது வாயு; அதை ஊசியால் குத்தி வெளியே விடலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த ஆளை ரூமை விட்டு அனுப்புங்க. லித்தியம் பேட்டரியில் இருக்கும் எலக்ட்ரோலைட் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். உள்ளே இரண்டு எலக்ட்ரோடுகளும் தொட்டுவிட்டால் வரும் வெப்பமே தீக்குப் போதும். மெத்தை, துணி, பேப்பர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். ஹாஸ்டல் ரூமில் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைப்பது பத்திரம் இல்லை.

வீக்கம் இல்லையா? நல்லது, மேலே போகலாம்.

உங்க புகார் என்ன?

"பேட்டரி சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், கீழே உள்ள மூன்றில் எது என்று முடிவு பண்ணுங்க.

ஒன்று: சார்ஜ் ஏறவே இல்லை, அல்லது ஒரு அளவோடு நின்றுவிடுகிறது.
இரண்டு: முழுசா ஏறுது, ஆனா வேகமா இறங்குது.
மூன்று: இன்னும் சார்ஜ் இருப்பதாகக் காட்டும்போதே திடீரென்று அணைகிறது.

ஒவ்வொன்றுக்கும் சந்தேகப்பட வேண்டிய ஆள் வேற.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

முதல் சந்தேகம் சார்ஜர் மேல். என் ரூம்மேட் கதை இதுதான். லேப்டாப் சார்ஜரில் ஓடும், ஆனால் சதவீதம் ஏறாது. சில லேப்டாப் சார்ஜர்களின் வட்டமான முனைக்குள் நடுவில் மெல்லிசா ஒரு பின் இருக்கும். அது பவர் கொண்டுவருவதற்கு இல்லை. "நான் இத்தனை வாட்ஸ் சார்ஜர்" என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கு. அந்தப் பின் வளைந்தாலோ, அதற்குப் போகும் ஒயர் உள்ளே அறுந்தாலோ லேப்டாப் சார்ஜரை நம்பாது. ஓடுவதற்கு மட்டும் பவர் எடுத்துக்கொண்டு, பேட்டரியை சார்ஜ் செய்யாமல் விட்டுவிடும். புது பேட்டரி போட்டாலும் கதை மாறாது.

இதைச் சோதிக்க சிறந்த வழி மல்டிமீட்டர் இல்லை, பக்கத்து ரூம். அதே மாடல் வைத்திருக்கும் ஒருத்தரிடம் சார்ஜரை அரை மணி நேரம் கடன் வாங்குங்க. ஏறினால் உங்க சார்ஜர்தான் குற்றவாளி. யாரும் கிடைக்கவில்லை என்றால் லேபில் மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து அளந்து பாருங்கள். சார்ஜர் மேலேயே அவுட்புட் வோல்டேஜ் அச்சிட்டிருக்கும். வட்ட முனை சார்ஜர்களில் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட். அதற்கு ரொம்பக் குறைவாகவோ, ஏறி இறங்கியோ காட்டினால் சார்ஜர் அவுட். நடு பின் உள்ள வகையில் பிளஸ் பாயின்ட் உள்சுவரில் இருக்கும், பின்னில் இல்லை. புரோப் முனை இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கோங்க. ஒரு எச்சரிக்கை: லோடு இல்லாமல் 19 வோல்ட் காட்டும் சார்ஜர், லோடு வந்ததும் படுத்துவிடலாம். அதனால்தான் கடன் வாங்கும் முறையே பெஸ்ட்.

டைப்-சி சார்ஜரா? அப்போது வாட்ஸ் பாருங்கள். சின்ன லேப்டாப்புகள் கூட பெரும்பாலும் 45 வாட்ஸ் கேட்கும். போன் சார்ஜரை மாட்டிவிட்டு "மெதுவாத்தான் ஏறுது" என்று பேட்டரியைத் திட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது சந்தேகம் செட்டிங் மேல். எங்க ஜூனியர் ஒருத்தன் லேப்டாப் 60-க்கு மேல் ஏறவே இல்லை. "சார்ஜர் இணைந்திருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை" என்று வேறு காட்டுது. பையன் பயந்துட்டான். பார்த்தால் பேட்டரி ஆயுளைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனி கொடுத்திருக்கும் "சார்ஜ் லிமிட்" வசதி ஆன் ஆகியிருந்தது. எப்போதும் பிளக்கில் மாட்டியே வேலை செய்கிறவர்களுக்காக, 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் ஏற்பாடு அது. உங்கள் லேப்டாப்போடு வந்த செட்டிங் ஆப்பிலும் பயாஸ் மெனுவிலும் தேடிப் பாருங்க. செலவு பூஜ்யம்.

மூன்றாவது, சூடு. லித்தியம் செல்லை அதிக வெப்பத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. பொதுவாக 45 டிகிரி செல்சியஸ் வரைதான் அனுமதி. அதற்கு மேல் போனால் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். கத்திரி வெயிலில், மேல் மாடி ரூமில், மெத்தைமேல் வைத்து கேம் ஆடிக்கொண்டே சார்ஜ் போட்டால் அந்த 45-ஐத் தொட ரொம்ப நேரம் ஆகாது. மேஜைமேல் ஃபேனுக்கு அடியில் வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? ஒரு ரீசெட் முயற்சி செய்யலாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்யுங்கள். சார்ஜிங்கைக் கவனிக்கும் சின்ன கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டிருந்தால் இதில் விடுபடும். பேட்டரி உள்ளேயே பொருத்திய மாடல்களில் சிலவற்றுக்கு அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ரீசெட் ஓட்டை இருக்கும், மேனுவலைப் பாருங்கள்.

வேகமா இறங்குது என்றால்

இங்கேதான் நம்பர் பேசணும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் "பவர்சிஎஃப்ஜி" (பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகள்), ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டியே "பேட்டரிரிப்போர்ட்" என்று இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று திரையிலேயே காட்டும். பிரவுசரில் திறங்கள். உபுண்டு ஆட்கள் "பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்ற புரோகிராமில் இதே விவரத்தைப் பார்க்கலாம்.

அதில் இரண்டு எண்கள் முக்கியம். "டிசைன் கெப்பாசிட்டி" என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" என்பது இன்று முழுசாக ஏற்றினால் கொள்ளும் அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். என் லேப்டாப்பில் முதல் எண் 38,000 மில்லிவாட்-அவர், இரண்டாவது 21,280. வகுத்தால் 56 சதவீதம். அதாவது என் திரையில் "100" என்று காட்டும்போதே நிஜத்தில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம் இருந்திருக்கு!

80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பேட்டரி நல்லாவே இருக்கு, காசு செலவழிக்காதீங்க. 60-க்கும் 80-க்கும் இடையில் என்றால் வயசாகிறது, சமாளிக்கலாம். 50-ஐ ஒட்டி வந்துவிட்டால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. இது சட்டம் இல்லை, வசதிக்கான ஒரு அளவுகோல்.

எண் நல்லாயிருந்தும் சீக்கிரம் இறங்கினால் குற்றவாளி லோடு. கணக்கு ரொம்ப சிம்பிள்: வாட்-அவரை வாட்டால் வகுத்தால் மணி நேரம். 38 வாட்-அவர் பேட்டரியிலிருந்து 8 வாட்ஸ் எடுத்தால் நாலே முக்கால் மணி நேரம். பிரைட்னஸ் முழுசு, பிரவுசரில் நாற்பது டேப், பின்னணியில் அப்டேட் என்று 19 வாட்ஸ் எடுத்தால் சரியாக இரண்டு மணி நேரம். பேட்டரி அதேதான், மாறியது நீங்க எடுக்கிற பவர். டாஸ்க் மேனேஜரைத் திறந்து யார் சிபியூவைத் தின்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு திருடன் இருக்கான். ராத்திரி மூடிவைத்தபோது 80, காலையில் பார்த்தால் 55. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் மூடியை மூடினால் போன் மாதிரி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். நெட் இணைப்பு, அப்டேட் எல்லாம் உள்ளே நடக்கலாம். இதற்கு பேட்டரி மாற்றுவது தீர்வு இல்லை. ராத்திரியில் ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட் கொடுங்கள். மறுநாளும் அதே அளவு இறங்கியிருந்தால் மட்டும் ஹார்டுவேர் மேல் சந்தேகப்படுங்க.

திடீரென்று அணைகிறது என்றால்

இது என் கேஸ். 34 சதவீதம் இருக்கும்போது ஏன் அணையணும்? முதல் வருஷம் படித்த ஓம் விதி போதும்.

ஒரு லித்தியம் செல் முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட், காலியாகும்போது சுமார் 3 வோல்ட். என்னுடைய மாதிரி சின்ன லேப்டாப்பில் இப்படி இரண்டு செல்கள் தொடராக இருக்கும். ஆக, பேக் வோல்டேஜ் 6-ஐத் தொட்டால் பாதுகாப்பு கருதி சப்ளை நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு ரெசிஸ்டன்ஸ் உண்டு. கரண்ட் எடுக்கும்போது அந்த ரெசிஸ்டன்ஸில் கொஞ்சம் வோல்டேஜ் தொலையும்.

கணக்குக்காக ஒரு உதாரணம். பேக் ஓய்வில் இருக்கும்போது 7.2 வோல்ட். நாம் எடுப்பது 2 ஆம்பியர். புது பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் 0.15 ஓம் என்றால் இழப்பு 0.3 வோல்ட், வெளியே 6.9 கிடைக்கும், ஜாலியா ஓடும். பழசாகி 0.7 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 1.4 வோல்ட், வெளியே 5.8 தான். கட்! உள்ளே சார்ஜ் இருக்கு, ஆனா வெளியே கொடுக்க முடியல. சும்மா டைப் அடித்துக்கொண்டிருந்தால் கரண்ட் குறைவு, அதனால் தாங்கியது. சிமுலேஷன் ரன் பண்ணின நொடியில் கரண்ட் எகிறியது, ரிவ்யூவில் மானம் போச்சு.

உள் ரெசிஸ்டன்ஸ் ஏன் ஏறுது? செல்லின் கிராஃபைட் எலக்ட்ரோடு மேல், எலக்ட்ரோலைட்டோடு நடக்கும் வினையால் மெல்லிய படலம் ஒன்று படியும். முதல் சார்ஜிலேயே உருவாகும் அந்தப் படலம் செல்லுக்குப் பாதுகாப்புதான். ஆனால் வருஷக்கணக்கில் அது தடித்துக்கொண்டே போகும். வளரும்போது லித்தியத்தையும் விழுங்கும். லித்தியம் குறைந்தால் கொள்ளளவு குறையும், படலம் தடித்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். இதை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. "பேட்டரி ரிப்பேர் ஆப்" என்று வருவதை இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

சின்ன லேப்டாப்புக்கு இதில் கூடுதல் கஷ்டம். தினமும் 28 வாட்-அவர் செலவழிக்கிறீர்கள் என்றால், 56 வாட்-அவர் பேட்டரிக்கு அது அரைச் சுழற்சி. 28 வாட்-அவர் பேட்டரிக்கு முழுச் சுழற்சி. அதே உழைப்பில் சின்னது இரண்டு மடங்கு வேகமாக வயசாகும். போதாததற்குத் தொடரில் இருக்கும் இரண்டில் ஒரு செல் பலவீனமானாலும் பேக் முழுவதும் அதன் வேகத்தில்தான் நடக்கணும்.

தீர்ப்பு சொல்வதற்கு முன் கடைசியாக ஒரு சான்ஸ். சதவீதம் என்பது நேரடியாக அளந்தது இல்லை. உள்ளே போன, வெளியே வந்த கரண்டைக் கூட்டிக் கழித்து ஒரு சிப் போடும் மதிப்பீடு. பிழை சேரச் சேர அது பொய் சொல்லும். அதைத் திருத்த, 100 வரை ஏற்றி ஒரு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். பிறகு கழற்றி, தானாக அணையும் வரை பயன்படுத்துங்கள். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள். எண் மாறினால் மீட்டர் தப்பு. மாறாமல் அதே இடத்தில் அணைந்தால் செல் தப்பு. இதை ஒரு தடவை செய்தால் போதும். "வாரா வாரம் முழுசா காலி பண்ணணும்" என்பது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியம் செல்லுக்கு அது நல்லதை விடக் கெடுதலே அதிகம்.

என்னுடையது மாறவில்லை. எனக்கு நிஜமாகவே புது பேட்டரிதான் தேவைப்பட்டது. ஆனால் இந்தத் தடவை தெரிந்து வாங்கினேன்.

வாங்கும்போது

லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீங்க. ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று வகை பேட்டரி இருக்கும். பழைய பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர், வோல்டேஜ், வாட்-அவர், கனெக்டர் வடிவம் நாலும் பொருந்தணும். அதே சைஸில் இரண்டு மடங்கு கொள்ளளவு என்று எழுதியிருந்தால் நம்பாதீங்க. லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியாவில் பிஐஎஸ் கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பதிவு எண்ணும் இருக்கா என்று பாருங்கள். தேதியும் பாருங்கள், கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் செல்லுக்கு வயசாகும். பழையதைக் குப்பையில் போடாதீங்க. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள்.

புதுசைக் காப்பாற்ற

செல்லுக்குப் பிடிக்காதவை மூன்று: சூடு, எப்போதும் 100-ல் இருப்பது, அடிக்கடி பூஜ்யத்தைத் தொடுவது. பெரும்பாலும் 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருங்கள். பிளக்கிலேயே வேலை என்றால் நம்ம ஜூனியரைப் பயமுறுத்திய அதே சார்ஜ் லிமிட்டை ஆன் பண்ணிக்கோங்க. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை ஹாஸ்டலிலேயே விட்டுப் போறீங்களா? பூஜ்யத்தில் விடாதீங்க. செல் மிக ஆழமாக இறங்கிவிட்டால் பாதுகாப்பு சர்க்யூட் அதன்பின் சார்ஜையே ஏற்காது. ஏற்காமல் இருப்பதும் உங்கள் நல்லதுக்குத்தான். பாதி சார்ஜில், அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

1991-ல் லித்தியம்-அயான் பேட்டரி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் வாங்கிய வேதியியல் உங்க பையில் இருக்கு. அதைக் குறை சொல்வதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்ப்பதுதானே மரியாதை?

இந்தக் கட்டுரையை மூடியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ரிப்போர்ட்டை எடுங்க, இரண்டு எண்ணை வகுங்க. உங்க நம்பர் எவ்வளவு என்று ரிவ்யூவுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கணும். ரிவ்யூ அன்னிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி!